காற்றுக்கு ஒரு குழாய்

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்த பெண். கெட்டிக்காரி, ஆனால் கொஞ்சம் அவசரக்காரி.

"அக்கா, பழைய ஃப்ரீசரத் தூக்கப் போறாக. எல்லாத்தையும் காலி பண்ணிக்கிட்டு இருக்கோம். மூணாவது தட்டுல, பின்னாடி ஓரமா ஒரு குழாய் இருக்கு. நம்பர் இல்ல, பேருதான் எழுதியிருக்கு. உங்க கையெழுத்து மாதிரி இருக்கு. ரிஜிஸ்டர்லயும் தேடிட்டேன், எங்கயும் இல்ல. தூக்கிப் போட்டுரவா?"

"என்ன பேரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

"லூர்துன்னு மட்டும் இருக்குக்கா."

"அதுல கைய வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்!" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பதறிப்போய்விட்டது. பிறகு தணிந்து, "ஆத்தா, அத அப்படியே புது ஃப்ரீசருக்கு மாத்தி வையி. நா யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வேறு எதையோ கேட்பது போல, எங்கள் ஆய்வகத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னாள். எனக்குப் பெருமையாக எழுத வராது. அந்தக் குழாயைப் பற்றித்தான் எழுத வரும், அதையே எழுதுகிறேன்.

நான் கம்பத்துக்காரி. பெயர் காமாட்சி. லேப் டெக்னீசியன் படிப்பை மதுரையில் முடித்துவிட்டு, தேனியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் இரத்தம், சளி, சிறுநீர் என்று காலத்தை ஓட்டினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் சூசம்மா வந்த பிறகுதான் நான் வேலை என்று ஒன்றைக் கற்றேன்.

டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். கல்யாணமாகித் தேனிக்கு வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அவ்வப்போது மலையாளம் எட்டிப்பார்க்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் என்னை 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். நாற்பத்தாறு வயதில் என்னை மகளே என்று கூப்பிட வேறு ஆள் இல்லை.

அவர் ஒரு ஆராய்ச்சியைக் கையில் எடுத்தார். பெண்ணின் பிறப்புறுப்புக்குள்ளே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். அதில் நல்லவை அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருந்து காவல் காக்கும். அந்தக் கூட்டத்துக்குள் வைரஸ்களும் இருக்கின்றன. சில நமக்குக் கேடு செய்பவை. பெரும்பாலானவை நம்மைச் சீண்டாமல் அந்தப் பாக்டீரியாக்களையே பிடித்துத் தின்பவை. இவற்றைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது, வளர்த்துப் பார்ப்பதும் கஷ்டம். ஆகவே குச்சியில் ஒற்றி எடுத்த துளியிலிருந்து மரபணுவைப் பிரித்து, அதன் எழுத்துகளை இயந்திரத்தில் வாசித்து, யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் காரணமும் தெரியாமல் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் பிள்ளை தவறிப்போகிற பெண்களிடம் அந்த வைரஸ் கூட்டம் வேறு மாதிரி இருக்கிறதா? இதுதான் டாக்டரம்மாவின் கேள்வி.

மரபணுவைப் பிரிப்பது எங்கள் வேலை. வாசிக்கிற இயந்திரம் அப்போது பெருநகரத்தில்தான் இருந்தது, உலர் பனிக்கட்டி போட்டுக் கூரியரில் அனுப்புவோம்.

சொந்தக்காரர்கள் "இப்ப என்ன வேல பாக்குற?" என்று கேட்டால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சளி, சிறுநீர் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். இதை எப்படிச் சொல்வது? என் நாத்தனாரிடம் ஒருமுறை உள்ளது உள்ளபடி சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. போகட்டும், காப்பித்தூள் மிச்சம்.

முதல் தொகுதியிலேயே எங்களுக்கு அடி விழுந்தது. வாசித்துப் பார்த்தால் பாதிப் பெண்களிடம் ஒன்றுமே இல்லை. நான் சரியாக எடுக்கவில்லையோ என்று நடுங்கிப்போனேன். விசாரித்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், டாக்டரம்மா பார்ப்பார் என்று எல்லோரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள். "ஒரு நாளைக்குக் கழுவாம வாங்க ஆத்தா" என்று ஒவ்வொருவர் காதிலும் சொல்லத் தொடங்கினேன். குச்சனூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி, "அட போத்தா! அழுக்கோட வாறதுக்கு இது என்ன எங்க வீடா?" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

இனி வெறுங்குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் சட்டங்களில் அதுதான் முதல் சட்டம்.

ஒவ்வொரு தொகுதியைத் தொடங்கும்போதும், எந்தப் பெண்ணையும் தொடாத புதுக் குச்சி ஒன்றைப் பிரிக்க வேண்டும். அதை அப்படியே திரவத்தில் முக்கி, குறித்த இடத்தில் ஒடித்து, மூடியைத் திருக வேண்டும். பிறகு பெண்களின் குழாய்களுக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையும் அதற்கும் செய்ய வேண்டும். அதே மருந்து, அதே சூடு, அதே சுழற்சி. பெண்ணே இல்லாத குழாயில் ஏதாவது தெரிந்தால் அது எங்கள் கையிலிருந்தோ, மருந்திலிருந்தோ, அறையின் காற்றிலிருந்தோ வந்தது என்று அர்த்தம். பெண்களின் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடலாம். "காத்துக்கும் ஒரு குழாய் மோளே. அதுதான் நமக்கு சாட்சி. அதை முதல்ல தொறக்கணும், அதே நாள், அதே கையால" என்பார்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எதிலாவது சந்தேகம் வந்தால், "ரிஜிஸ்டர் எடு. வாசி" என்பார். நாம் எழுதியதை நாமே சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியாக இருந்தால் "ஆட்டே" என்று ஒரு சொல், மலையாளத்தில் 'ஆகட்டும்' என்பது, அவ்வளவுதான். அந்த 'ஆட்டே'யை வாங்கிவிட்டால் எனக்கு அன்று முழுக்க வயிறு நிறைந்திருக்கும். இப்போதும் அந்தச் சொல்லுக்கு ஏங்குகிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

லூர்து உத்தமபாளையத்துக்கு மேற்கே ஒரு கிறிஸ்தவக் கிராமத்திலிருந்து வந்தாள். முழுப்பெயர் லூர்துமேரி. முப்பது வயதிருக்கும். வாழைத்தோப்பில் தார் சுமக்கிற கூலி வேலை. மூன்று பிள்ளைகள் ஐந்தாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலுமாகத் தவறிப்போயிருந்தன. ஒப்புதல் தாளை நான் வாசித்துக் காட்டினேன். அதில் யாருடைய முடிவும் தனியாகச் சொல்லப்படாது என்று ஒரு வரி உண்டு. அதைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, எனக்கு மருந்து மாத்திர ஒண்ணும் வேணாம். ஏன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். எங்க மாமியா எம் பாவம்னு சொல்றாக. பூசாரியக் கேட்டா ஒண்ணு சொல்றாக, பாதிரியாரக் கேட்டா ஒண்ணு சொல்றாக. ஒங்க மிசினாவது உள்ளதச் சொல்லுமா?"

"சொல்லும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல எந்தப் பொம்பளைக்கு வாய் வரும்?

குச்சியை உள்ளே வைத்துப் பதினைந்து எண்ணும்வரை மெல்லச் சுழற்ற வேண்டும். பெண்கள் திரைக்குப் பின்னால் போய்த் தாங்களே செய்துகொள்வார்கள், நான் வெளியிலிருந்து எண்ணுவேன். லூர்து என்னை எண்ண வேண்டாம் என்றாள். ஜெபமாலையின் ஒரு மணிக்குரிய ஜெபத்தைச் சொல்லி முடிக்கிற நேரம்தான் அதுவும் என்றாள். திரைக்குப் பின்னாலிருந்து அவள் முணுமுணுப்புக் கேட்டது. குழாயை என்னிடம் நீட்டும்போது, "பத்தரமாப் பாத்துக்கங்கக்கா" என்றாள். ஒரு பிள்ளையைக் கொடுப்பது போலக் கொடுத்தாள்.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜையை நான்தான் முன்னின்று செய்வேன். டாக்டரம்மா தடுத்ததில்லை. "உங்களோட பூஜை, செய்தோளு. ஹுட்டுக்கு உள்ளே மட்டும் ஒண்ணும் வைக்காதே" என்று மட்டும் சொல்வார். ஹுட் என்பது வடிகட்டிய காற்று வருகிற கண்ணாடிப் பெட்டி, குழாய்களை அதற்குள் வைத்துத்தான் திறப்போம். அவர் சொன்னபடி உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. வெளியே இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். சுழற்றுகிற மிஷினுக்கு மாலை. பொரிகடலை, பழம், அவல் எல்லாம் பக்கத்து அறையில். கன்றை வெட்டிக் கட்டியதெல்லாம் என் கையால்தான். வாழைக் கறை எப்படிப்பட்டது என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு ஒரு வேலையையாவது தொட்டு ஆரம்பித்தால்தான் வருடம் முழுக்க விளங்கும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தொடங்கி வைத்த பிறகுதான் கன்றை அவிழ்ப்போம். டாக்டரம்மா விடுமுறையில் இருந்தார். நான் ஒருத்தியாகப் போய் ஹுட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எட்டுப் பெண்களின் குழாய்களையும் ஒரு வெறுங்குழாயையும் வரிசையாக வைத்தேன். முதலில் வெறுங்குழாயை எடுத்தேன்.

என் கை நின்றுவிட்டது.

நல்ல நாளும் அதுவுமாக வெறும் பாத்திரத்திலா கையை வைப்பது? வீட்டில் வெறுங்குடத்தோடு எதிரே வந்தாலே மனசு சுருங்கும். நான் படித்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடம் என் படிப்பு என்னோடு அந்த அறைக்குள் வரவில்லை. வெறுங்குழாயைத் திரும்ப வைத்துவிட்டு, லூர்துவின் குழாயை எடுத்தேன். இந்த நல்ல நாளில் முதல் குழாயாக இவளுடையது திறக்கட்டும், இவளுக்கு ஒரு விடிவு வரட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு திறந்தேன். அன்பினால்தான் செய்தேன். மற்ற ஏழையும் அன்றைக்கே திறந்து முடித்தேன். முன்னால் குனியும்போதெல்லாம் வாழை இலை என் முழங்கையில் உரசிக்கொண்டே இருந்தது.

வெறுங்குழாயை மூன்று நாள் கழித்துப் போட்டேன். அதற்குள் கன்றை அவிழ்த்து, அறையைக் கழுவித் துடைத்தாயிற்று. ரிஜிஸ்டரில் மட்டும், 'வெறுங்குழாய், அதே நாள், முதலில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. எட்டுப் பெண்களிடமும், வழக்கமான கூட்டத்துக்கு நடுவே, வாழையைத் தாக்குகிற ஒரு வைரஸின் எழுத்துகள் இருந்தன. வாழை இலையில் மஞ்சளாகக் கோடு கோடாக விழுமே, அந்த நோயைக் கொண்டுவருகிற வைரஸ். லூர்துவின் குழாயில்தான் அதிகம். வெறுங்குழாயில் ஒன்றுமே இல்லை.

டாக்டரம்மா அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. வராந்தாவில் எதிரே வந்து என் தோளைப் பிடித்தார். "காமாட்சி, இந்தப் பெண்ணுங்க தோப்பில வேலை செய்யறவங்களா?" எட்டுப் பேரில் ஆறு பேர் வாழையில் வேலை பார்ப்பவர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த எட்டுப் பேரைப் பிடித்தாலும் அப்படித்தான் இருக்கும். உட்கார்ந்து யோசித்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது.

"ரிஜிஸ்டர் எடு. வாசி."

வாசித்தேன். "வெறுங்குழாய், அதே நாள், முதலில். காமாட்சி." என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

"ஆட்டே" என்றார்.

அதை வாங்கிக்கொண்டு நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கன்று கட்டியது நினைவுக்கு வந்துவிட்டது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடம் நல்ல பெயர் எடுத்துவிட்டு, அந்த அம்மா முகத்துக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வாரங்களைத் தள்ளினேன்.

டாக்டரம்மா அந்தப் பெண்களை ஒவ்வொருவராக வரவழைத்துத் தோப்பு வேலையைப் பற்றி விசாரித்தார். "இது ஒரு சந்தேகம்தான், முடிவு இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஆனால் டாக்டர் வாயிலிருந்து வருகிற சந்தேகம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிவாகிவிடுகிறது. லூர்து அன்றைக்கே தோப்பு வேலையை விட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை. முகம் அப்படிப் பளிச்சென்று இருந்தது.

"இந்தாங்கக்கா. இப்ப திராட்சைத் தோட்டத்துக்குத்தான் போறேன். எங்க மாமியாட்ட சொல்லிட்டேன்க்கா, 'எம் பாவமும் இல்ல, என் ஒடம்பும் இல்ல, எல்லாம் அந்த வாழைதான்'னு. அவுக வாயே தொறக்கல! மூணு பிள்ளையப் பறிகொடுத்துட்டு மொத தடவையா நிம்மதியா ஒறங்குறேன்க்கா." பிறகு குரலைத் தணித்து, "நாலு மாசம் முடிஞ்சிருச்சு" என்றாள்.

"ஸ்கேனுக்கு வந்தியா? டாக்டரம்மா அடிக்கடி வரச் சொன்னாகளே?"

"அது எதுக்குக்கா இனிமே? காரணந்தான் தெரிஞ்சு போச்சுல்ல. நாந்தான் தோப்புப் பக்கமே போறதில்லையே. பெறகு எதுக்கு அங்கன போயி மேசையில ஏறிப் படுக்க? நீங்க பழத்தச் சாப்பிடுங்க."

ஒரு பழத்தை வாயில் போட்டேன். மூன்று முறை ஐந்தாறு மாதத்தில் இழந்தவள், நான் எழுதிய ஒரு பொய் வரியை நம்பி, பரிசோதனைக்கே வராமல் இருக்கிறாள். அவள் பஸ் ஏறுவதற்குள் நான் டாக்டரம்மா அறையில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கன்று, சந்தனம், வெறுங்குழாய், லூர்துவுக்கு நல்லது நடக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது, எல்லாம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரிஜிஸ்டர் எடு."

எடுத்தேன்.

"அந்த வரியில ஒரே ஒரு கோடு போடு. அடிச்சு மறைக்காதே, பழசு தெரியணும். பக்கத்தில உள்ளது எழுது. இன்னைக்குத் தேதி போடு. கையெழுத்துப் போடு. இப்ப வாசி."

வாசித்தேன். அவர் முழுவதையும் கேட்டார். 'ஆட்டே' சொல்லவில்லை. போனை எடுத்து, அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிடும்படி நகரத்துக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "லூர்துகிட்ட நீதான் சொல்லணும். இன்னைக்கே. நாளைக்குக் காலையில அவ இங்க இருக்கணும்" என்றார்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே அவளைப் பிடித்தேன். வெயில் இலை வழியாக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நின்றபடியே சொன்னேன். வெறுங்குழாய் என்றால் என்ன, அதை ஏன் முதலில் திறக்க வேண்டும், நான் ஏன் திறக்கவில்லை, எல்லாவற்றையும் அவளுக்குப் புரியும்படி சொன்னேன். அந்த வைரஸ் அவளுக்குள் இருந்ததே இல்லை, அது என் கையிலிருந்த வாழைக் கறை என்றேன்.

கையில் இருந்த கத்திரியை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்ப ஏன்க்கா?"

நான் கத்திரியை எடுத்து நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"வாழை இல்லைன்னா பெறகு ஏன்க்கா? மூணும் ஏன் போச்சு?" குரல் ஏறியது. "என்னைய மொதக் குழாயாப் போடச் சொல்லி நா ஒங்களக் கேட்டேனா? எனக்காக வேண்டிக்கிறச் சொல்லிக் கேட்டேனா? உள்ளதச் சொல்லுங்கன்னுதானக்கா கேட்டேன்!"

காலில் விழுந்திருப்பேன். அவள் பின்வாங்கி நின்றுகொண்டாள். ஆனாலும் மறுநாள் காலையில் புருஷனோடு வந்துவிட்டாள். ஸ்கேனில் கருப்பையின் வாய் ஏற்கெனவே இளகத் தொடங்கியிருந்தது. தையல் போட முடிவு செய்தார்கள். அதற்கு முன் டாக்டரம்மா பரிசோதித்தபோது லூர்து என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இன்னொண்ணு எடுங்க. இந்த வாட்டியாச்சும் ஒழுங்காப் பாருங்க."

டாக்டரம்மாவே எடுத்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்கு எண் போட்டுப் பெண்களைச் சேர்ப்பது முந்தின மாதமே முடிந்துவிட்டிருந்தது. கொடுக்க எண் இல்லை. விதியை மீறி அவள் பெயரையே எழுதி ஃப்ரீசரில் வைத்தேன். ஆராய்ச்சியை நீட்டித்தால் அடுத்த தொகுதியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அடுத்த தொகுதி வரவே இல்லை.

தையல் இரண்டு வாரம் தாங்கியது. பெண் குழந்தை. சில நிமிடங்கள் உயிர் இருந்தது என்றார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா நின்னிருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டேன். "தெரியாது மோளே. நின்னிருக்கலாம், நிக்காமலும் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு மெமோ வந்தது, அது நியாயம். ஆராய்ச்சியை நீட்டிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு டாக்டரம்மா மலைக்கு அந்தப் பக்கமே போய்விட்டார். கிறிஸ்துமஸுக்குப் பேசுவோம். லூர்துவின் பெயரை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

ஆனால் ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயை எடுத்து, தட்டின் பின் ஓரத்தில் திரும்ப வைப்பேன். ஓய்வு பெறும் நாள்வரை வைத்தேன். பஸ்ஸில் மேற்கே போகும்போதெல்லாம் ஏறுகிற பெண்களின் முகங்களைத் தேடுவேன். அவளைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கும், பார்த்துவிடக் கூடாதே என்றும் இருக்கும். பன்னீர் திராட்சையை நான் வாங்கியே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

பவித்ராவிடம் கேட்டேன். இப்போது வாசிக்கிற மிஷின் உள்ளங்கை அளவில் வந்துவிட்டதாம், எங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறதாம். அந்தக் குளிரில் இருந்தால் மரபணு கெட்டிருக்காதாம். "ஆனா அந்த அம்மா கையெழுத்து வேணும்க்கா, நெறிமுறைக் கமிட்டி அனுமதியும் வேணும். காரணம் கிடைக்கும்னும் சொல்ல முடியாது. அங்க யார் யார் இருந்தாகன்னு மட்டுந்தான் சொல்ல முடியும்" என்றாள். அவசரக்காரி என்று நான் நினைத்த பெண் இவ்வளவு அளந்து பேசினாள்.

போன வாரம் போனேன். அதே பந்தல் இல்லை, வேறு தோட்டம். லூர்துவும் அவள் புருஷனும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். தலை பாதி நரைத்திருந்தது. ஏணியில் நின்று குலைகளில் நெருக்கமான காய்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கவில்லை.

"வாங்கக்கா" என்றாள், அவ்வளவுதான்.

ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னேன். உன் குழாய் இருக்கிறது, தூக்கிப் போடச் சொன்னால் போட்டுவிடுகிறேன், பார்க்கச் சொன்னால் இப்போது என் மேசையில் இருக்கிற பிள்ளையிடம் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். பார்த்தாலும் காரணம் தெரியாமல் போகலாம் என்றும் சொன்னேன். அதை இரண்டு தடவை சொன்னேன்.

கத்திரிச் சத்தம் நின்றது.

"அத இன்னுமா வச்சிருக்கீக?"

"வச்சிருக்கேன் லூர்து."

இறங்கி வந்தாள். எதிரே நின்று என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். நான் நீட்டிய ஒப்புதல் தாளை வாங்கி, ஏணிப்படியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள்.

"பாக்கச் சொல்லுங்க. எனக்கு இனி வயசில்ல, பிள்ளைக்காகக் கேக்கல. அந்த நாலும் எம் பிள்ளைக. தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இல்லாததக் குடுத்துறாதீக."

"சரி லூர்து" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வரப்பு வரைக்கும் வந்திருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா! அந்தப் பிள்ளைட்டச் சொல்லுங்க, நல்ல நாளெல்லாம் பாக்க வேணாம். மொதல்ல வெறுங்குழாயத் தொறக்கச் சொல்லுங்க."